பரிமாற்றுப் பண்பும் நேர்மாறும்

எண்களின் வரிசையை மாற்றினாலும் விடை மாறாதிருப்பது பரிமாற்றுப் பண்பு. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இது உண்டு. கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் இல்லை: 8 − 3 = 5, ஆனால் 3 − 8 = −5. இப்பண்புக்கு 1814-இல் பெயரிட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் செர்வுவா.

கூட்டலில் இது பார்த்ததுமே புரியும், பெருக்கலில் அப்படியல்ல. ஏழு நான்குகளும் நான்கு ஏழுகளும் ஏன் ஒன்றாக வேண்டும்? வரிசைக்கு 7 புள்ளியாக 4 வரிசை வைத்த கோலத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: வரிசைக்கு 4 புள்ளியாக 7 வரிசை. ஒரு புள்ளிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் முன்பே பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட வேண்டும். மனப்பாடச் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஒரு செயலின் விளைவை நீக்கி, தொடங்கிய எண்ணுக்கே திருப்புவது நேர்மாறு. கூட்டலுக்குக் கழித்தல், பெருக்கலுக்கு வகுத்தல். 5-இன் கூட்டல் நேர்மாறு −5. இரண்டையும் கூட்டினால் 0. 5-இன் பெருக்கல் நேர்மாறு 1/5, இரண்டையும் பெருக்கினால் 1. பூஜ்ஜியத்துக்கு மட்டும் பெருக்கல் நேர்மாறு கிடையாது. அதை எதனால் பெருக்கினாலும் 0 தான், 1 வராது. பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

எல்லாப் பெருக்கலும் பரிமாற்றுக்கு உட்படுவதில்லை. 1843-இல் அயர்லாந்துக் கணித அறிஞர் ஹாமில்டன் கண்டறிந்த குவாட்டர்னியன்கள் என்னும் எண்களைப் பெருக்கும்போது, வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும்.