நடுச்சுவர் வைத்த குண்டு

1946-ம் ஆண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டில் ஓர் ஆண் மூஸைக் குறிவைத்துச் சுட்டார் ஜான் நாஸ்லர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஆஷ்லண்ட் என்ற ஊரில் லாரித் தொழில் நடத்திவந்தவர் அவர். குறி தப்பவில்லை. ஆனாலும் மூஸ் விழவில்லை. மறுபடி சுட்டார், மறுபடியும் சுட்டார். அது நின்றுகொண்டே இருந்தது.

மூஸ், மான் இனத்திலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 500 கிலோவையும் தாண்டும். இணைசேரும் பருவத்தில் சேற்றுக் குழியில் புரண்டு எழும். சேறு ரோமத்தில் அப்பி, காய்ந்து கெட்டியாகிவிடும். நாஸ்லரின் குண்டுகள் அந்தச் சேற்றிலும் தோலிலும் தோள்பட்டைத் தசையிலுமே சிதறிப்போயின. நுரையீரலை எட்டவில்லை.

அவர் வைத்திருந்தது மட்டமான துப்பாக்கியும் அல்ல. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1925-ல் கொண்டுவந்த .300 மேக்னம் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி அது. 11.7 கிராம் குண்டை வினாடிக்கு 850 மீட்டருக்கும் மேலான வேகத்தில் அனுப்பக்கூடியது. கோளாறே அந்த வேகத்தில்தான் இருந்தது.

அக்கால வேட்டைக் குண்டின் அமைப்பு எளிமையானது. செம்பும் துத்தநாகமும் கலந்த மெல்லிய உறை, அதற்குள் ஈயம். முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். விலங்கின் உடலில் பட்டதும் முனை நசுங்கி, காளான் குடைபோல் விரிய வேண்டும். விரிந்த குண்டு அகலமான காயத்தை உண்டாக்கும்; அந்தக் காயம் நுரையீரல்வரை போனால் விலங்கு சில வினாடிகளில் விழும். மிதமான வேகத்துக்கென்று செய்த குண்டு இது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மேக்னம் வேகத்தில், அதுவும் கிட்டத்திலிருந்து சுடும்போது, குண்டு விரிவதோடு நிற்காமல் உடைந்து நொறுங்கிவிடும். தொலைவில் நிற்கும் மானிடம் ஒழுங்காக வேலை செய்த அதே குண்டு, அருகில் நிற்கும் மானைக் காயப்படுத்தி ஓடவிடும்.

சரி, விரியாத குண்டைப் போட்டால்? அது வேறு வகைக் கொடுமை. 1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் கூடியபோது, வெறும் ஈயக் குண்டு தாங்காது என்பதால் முழுவதும் செம்பு உறை போட்டார்கள். அது பெரும்பாலும் சின்னத் துளையோடு மறுபுறம் வெளியேறிவிடும். முனையைத் திறந்துவிட்டால் விரியும் என்று கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் செய்து காட்டினார்கள். 1899-ல் ஹேக் மாநாடு, விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. மான் வேட்டையிலோ, விரியாத குண்டு கூடாது என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேதனைதான். காயப்பட்ட சிப்பாயைக் காப்பாற்ற மருத்துவர் இருக்கிறார். காயத்தோடு காட்டுக்குள் ஓடிய மானுக்கு யாரும் இல்லை. வேட்டையே கூடாது என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் வேட்டைக்காரர் பக்கம் நிற்கலாம் என்பது என் எண்ணம்.

குண்டு சட்டென்று விரியவும் வேண்டும், உடையாமல் ஆழமாகப் போகவும் வேண்டும். ஒரே குண்டிடம் இரண்டையும் கேட்காமல் வேலையைப் பிரித்துக்கொடுத்தார் நாஸ்லர். செம்புக் கலவைக் கம்பியைக் குண்டின் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனைகளிலிருந்தும் துளையிட்டார். துளைகள் நடுவில் சந்திக்கும் முன்பே நிறுத்தினார். இடையில் ஒரு சுவர் நின்றது. முன்பக்கக் குழியில் ஈயம், பின்பக்கக் குழியிலும் ஈயம். முன்பக்க உறை முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அதனால் வேகம் குறைந்த தூரத்திலும் விரியும். வேகம் எவ்வளவு மிகுந்தாலும் சிதைவு சுவரோடு நின்றுவிடும். முன்பாதி முழுக்க உதிர்ந்துபோனாலும், எடையில் பாதிக்கு மேல் கொண்ட பின்பகுதி உருக்குலையாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அந்தச் சுவரால் ஒரு தொல்லையும் வந்தது. ஈயம் துப்பாக்கிக் குழலின் வரிப்பள்ளங்களுக்கு ஏற்ப நசுங்கிக்கொடுக்கும். கெட்டியான செம்புச் சுவர் அப்படிக் கொடுக்காது, குழலுக்குள் அழுத்தம் ஏறும். அதனால் சுவர் இருக்கும் இடத்தில் குண்டைச் சுற்றி ஆழமில்லாத ஒரு பள்ளம் கடைந்தார்கள். பிற்காலத்தில் கடைசலை விட்டு அழுத்தி உருவாக்கும் முறைக்கு மாறியபோது அந்தப் பள்ளம் மறைந்தது. பழைய குண்டை அடையாளம் காண விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

1947-ல் நாஸ்லரும் நண்பர் ஒருவரும் புதுக் குண்டோடு மூஸ் வேட்டைக்குப் போனார்கள். ஆளுக்கொரு மூஸ், ஆளுக்கொரு குண்டு. 1948-ல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. பின்னர் நிறுவனம் அதே மாநிலத்தின் பெண்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது.

ஈயத்தை முன், பின் என்று பிரிக்கும் யோசனை நாஸ்லருக்கு மட்டும் தோன்றியது அல்ல. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எச்-மாண்டல் என்ற குண்டில் உறையை இடுப்பில் உள்ளே மடித்து இதைச் செய்திருந்தது. மடிப்புக்குப் பதிலாக உறையோடு ஒரே உலோகமாக நிற்கும் முழுச் சுவர், அதுதான் நாஸ்லர் கொடுத்தது. பின்னால் வந்த உயர்ரக வேட்டைக் குண்டுகளையெல்லாம் பல ஆண்டுகள் இதோடு வைத்துத்தான் எடைபோட்டார்கள்.

குறை ஒன்று உண்டு, அதைச் சிறியதென்று சொல்ல மாட்டேன். முன்பாதியிலிருந்து உதிரும் ஈயம் விலங்கின் இறைச்சியிலும், வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போகும் குடலிலும் துகள்களாகத் தங்குகிறது. ஈயம் வைத்த எல்லா வேட்டைக் குண்டுக்கும் இது பொருந்தும். கலிஃபோர்னியாவின் காண்டார் கழுகுகள் அந்தக் குடலைத் தின்று ஈய நஞ்சேறிச் செத்தன. 1982-ல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தான் எஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்ட பிறகும் ஈயம் அவற்றை விடவில்லை. 2013-ல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாக்களை முழுமையாகத் தடைசெய்தது. அங்கே இப்போது பார்ட்டிஷனைக் கொண்டு வேட்டையாட முடியாது. முழுவதும் செம்பாலான குண்டுகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. அவை முனையில் விரிந்தும் எடையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்கின்றன. நாஸ்லர் நிறுவனமே ஈ-டிப் என்ற பெயரில் ஈயமில்லாத குண்டு ஒன்றைச் செய்து விற்கிறது.