கல்யாண மண்டபத்தில் கேமரா பை காணாமல் போனால்? பெங்களூரு போட்டோகிராபர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூருவில் ஒரு முழுநேரக் கல்யாண போட்டோகிராபர் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பை, பல நேரம் அவர் வந்து இறங்கும் பைக்கைவிட இரண்டு மூன்று மடங்கு விலை அதிகம். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா பாடி ஒன்று மட்டுமே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அதோடு இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், கிம்பல், ட்ரோன் என்று சேர்த்தால் ஐந்து, ஆறு லட்சம் சாதாரணமாக வந்துவிடும். பாதிப் பேருக்கு அதில் இஎம்ஐ பாக்கி இருக்கும்.

அந்தப் பையோடு அவர் வேலை செய்யும் இடம் 500 பேர் வந்து போகும் மண்டபம். அங்கே யார் யார் என்று யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே நடமாடினால், பெண் வீட்டார் 'மாப்பிள்ளை வீட்டு ஆள் போல' என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் 'பெண்ணுக்குச் சொந்தம் போல' என்று நினைப்பார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடும். கல்யாணத் திருட்டு முழுக்க இந்தத் தயக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

2020 டிசம்பரில் டெல்லி போலீஸ் பிடித்த ஒரு கும்பல் இதற்கு நல்ல உதாரணம். மத்தியப் பிரதேசத்தில் இருந்து சிறுவர்களை அழைத்து வந்து, நல்ல துணி போட்டு, பெரிய கல்யாணங்களுக்குள் அனுப்பினார்கள். சிறுவர்கள் சாப்பிடுவார்கள், மேடைப் பக்கம் பொறுமையாகக் காத்திருப்பார்கள், சமயம் பார்த்து மொய்ப் பையோ நகைப் பையோ எடுத்துக்கொண்டு வெளியேறுவார்கள். பெற்றோருக்கு ஆண்டுக்கு 10 முதல் 12 லட்சம் ரூபாய் வரை பேசப்பட்டதாக அப்போது போலீஸ் தெரிவித்தது. அவர்கள் குறி கேமரா இல்லைதான். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கறுப்புப் பை, மொய்ப் பையைவிட எளிதான இரை.

எந்த நேரத்தில் திருடு போகிறது?

பெங்களூரு கல்யாணம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு வேளையாக நடக்கும். தமிழ்க் குடும்பம், கன்னடக் குடும்பம், தெலுங்குக் குடும்பம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே அட்டவணைதான். ரிசப்ஷன் முடிய இரவு பதினொன்று ஆகும். விடிகாலை ஐந்துக்கு மறுபடி கேமரா ஆன் ஆக வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லாமல், டீம் மண்டபத்து அறையிலேயே படுத்துவிடும்.

அந்த இரவுதான் பலவீனமான இடம். அறைக்கு ஒரே சாவி இருக்கும், அது சித்தப்பாவிடமோ மாமாவிடமோ சுற்றிக்கொண்டிருக்கும். அலங்காரத் தொழிலாளர்கள், சமையல் ஆட்கள், ஜெனரேட்டர் ஆட்கள் இரவு முழுக்க வந்து போவார்கள். அவர்களைச் சந்தேகிப்பது நியாயம் இல்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் இன்னொரு ஆள் தெரிய மாட்டார். பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று வராந்தா பிளக்கில் செருகிவிட்டுத் தூங்குவது இன்னொரு பழக்கம். காலையில் சார்ஜரும் இருக்காது, நான்கு பேட்டரியும் இருக்காது.

அடுத்து, தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம். கெட்டிமேளம் கொட்டும்போது மண்டபத்தில் உள்ள அத்தனை கண்ணும் மணமேடையைப் பார்க்கும். டீமில் உள்ள எல்லோரும் மேடையில் இருப்பார்கள். பை தனியாக இருக்கும். அப்புறம் பந்தி நேரம். 'அஞ்சு நிமிஷம்தானே, சாப்ட்டு வந்துடலாம்' என்று பையை மேடைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போவார்கள். மேடையின் பின்பக்கம் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும், பேக்ட்ராப் துணி கதவு ஆகாது.

கடைசியாக, கிளம்பும் நேரம். ஆட்டோவிலோ கேபிலோ நான்கு பைகளை ஏற்றும்போது ஒருவர் உள்ளே போய் மிச்சத்தை எடுத்து வருவார், ஒருவர் பார்ட்டியிடம் பாக்கிப் பணம் பேசிக்கொண்டிருப்பார். காரை பார்க் செய்துவிட்டு டீ குடிக்கப் போனால், கண்ணாடியை உடைத்து லேப்டாப் பையை எடுக்கும் கும்பல்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு, 'சார், உங்க காசு விழுந்துடுச்சு' என்று கவனத்தைத் திருப்பும் பழைய வித்தையும் இன்னும் வேலை செய்கிறது.

வேலையிடத்தில் என்ன செய்யலாம்?

முதலில் அறை. புக்கிங் பேசும்போதே பூட்டக்கூடிய அறை ஒன்று வேண்டும், சாவி எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பார்ட்டிகள் இதற்கு மறுப்பதில்லை. கேட்காததால்தான் கிடைப்பதில்லை. சொந்தப் பூட்டு ஒன்று கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மேடையில் வேலை செய்யும்போது கேமராக்கள் இரண்டும் உடம்பில் இருக்கட்டும். இரட்டைத் தோள்பட்டை இதற்காகத்தான். மாற்று லென்ஸ் இடுப்புப் பையில். மிச்சம் உள்ள பெரிய பையை மெல்லிய கேபிள் பூட்டால் இரும்புத் தூணோடு பிணைத்துவிடலாம். வெட்டி எடுக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் மண்டபத்துத் திருடனுக்குத் தேவை பத்து வினாடியில் தூக்கிக்கொண்டு சாதாரணமாக நடந்து போவது. கட்டர் எடுத்து உட்கார்ந்து வேலை பார்ப்பது அல்ல. லைட் பாய் தம்பி ஒருவரைப் 'பை பொறுப்பு' என்று சொல்லி நிறுத்துவது எல்லாவற்றையும்விடப் பலன் தரும். சாப்பாட்டுக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் போகாமல், மாறி மாறிப் போங்கள்.

ஏர்டேக் போன்ற டிராக்கரைப் பையின் உள்தையலுக்குள் வைப்பது பரவலாகிவிட்டது. உதவும், ஆனால் அளவோடு. அது தானாக ஜிபிஎஸ் அனுப்பும் கருவி அல்ல. அக்கம்பக்கத்து போன்கள் மூலம் இடத்தைச் சொல்கிறது. தெரியாத டிராக்கர் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகவும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால்தான் பலன். சிக்னல் காட்டும் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். 112-ஐ அழைத்து போலீஸோடு போங்கள்.

கேமராவைவிடப் பெரிய இழப்பு

கேமராவை மறுபடி வாங்கிவிடலாம். தாலி கட்டிய படத்தை வாங்க முடியாது. கேமராவின் இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைத்து, ரிசப்ஷன் முடிந்ததும் ஒரு கார்டைக் கழற்றி சட்டைப்பையிலோ, டீமில் வேறொருவரிடமோ கொடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் காப்பி எடுத்துவிட்டு அந்த லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் கேமரா பையிலேயே வைப்பவர்கள் நிறையப் பேர். அது பேக்கப் இல்லை, ஒரே இழப்பில் மூன்று பிரதி.

படங்கள் தராமல் போனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று தம்பதி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். 'திருடு போச்சு' என்பது மட்டும் பதிலாகாது. என்ன பாதுகாப்பு செய்திருந்தீர்கள் என்ற கேள்வி வரும்.

மொபைலுக்கு உண்டு, கேமராவுக்கு ஏன் இல்லை?

தொலைந்த மொபைலை முடக்க சிஇஐஆர் தளம் 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கிறது. அது ஐஎம்இஐ எண்ணை வைத்து நெட்வொர்க்கில் போனைத் தடுக்கிறது. கேமராவுக்கு சிம் இல்லை, ஐஎம்இஐ இல்லை. முடக்க வழியும் இல்லை. இருப்பது சீரியல் எண் ஒன்றுதான்.

அதனால் அந்த எண்தான் உங்கள் பத்திரம். ஒவ்வொரு பாடி, லென்ஸ், ஃபிளாஷின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். பில் தொலைந்திருந்தாலும் வழி இருக்கிறது. பல கேமராக்கள் தாங்கள் எடுக்கும் படத்தின் எக்ஸிஃப் தகவலுக்குள் பாடியின் சீரியல் எண்ணை எழுதிவிடுகின்றன. பழைய ஒரிஜினல் ஃபைல் ஒன்றிலிருந்து அதை எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கிடைக்காது, அதில் எக்ஸிஃப் அழிந்துவிடும்.

சரி, பை காணோம். இப்போ என்ன பண்றது?

முதல் வேலை, மண்டப மேலாளரிடம் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்பது. வாட்ஸ்அப் மெசேஜ் போதும். கர்நாடக பொதுப் பாதுகாப்பு நடவடிக்கைகள் அமலாக்கச் சட்டம் 2017, ஒரே நேரத்தில் 100 பேரோ ஒரு நாளில் 500 பேரோ கூடும் இடங்களில் கேமரா வைத்து, பதிவை 30 நாள் சேமிக்கச் சொல்கிறது. 'அதெல்லாம் ரெக்கார்ட் ஆகாது சார்' என்று பதில் வந்தால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்து எஃப்ஐஆர். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. கர்நாடக போலீஸின் இ-லாஸ்ட் வசதியில் புகார் பதிந்து ரசீது வாங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தொலைந்த பொருளுக்கானது. அதை வைத்து விசாரணை நடக்காது. திருட்டு என்றால் எஃப்ஐஆர்தான். 'காணாமல் போனது' என்று எழுதாமல் 'திருடப்பட்டது' என்று எழுதுங்கள்.

எல்லைப் பிரச்சினை சொல்லி அலைக்கழித்தால், பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்து போட வேண்டும். நகல் இலவசம். பதிய மறுத்தால் எழுத்துமூலம் டிசிபிக்கு அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சாதாரணத் திருட்டுக்கு பிஎன்எஸ் 303-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பொருள் வைக்கும் அறையாகவோ தங்கும் இடமாகவோ பயன்பட்ட கட்டடத்துக்குள் நடந்தால் 305-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை போகும். நீங்கள் சம்பளத்துக்கு வைத்த ஆளே எடுத்திருந்தால் 306-வது பிரிவு, அதற்கும் ஏழு ஆண்டு வரை. பூட்டிய அறையில் இருந்து போனதா, மேடை ஓரத்தில் இருந்து போனதா என்பதைப் புகாரில் தெளிவாக எழுதச் சொல்வது இதனால்தான்.

இன்சூரன்ஸ் இருக்கே என்பவர்களுக்கு

வீட்டு இன்சூரன்ஸும் ஸ்டூடியோ இன்சூரன்ஸும் பொதுவாக அந்த முகவரிக்குள் இருக்கும் பொருளுக்குத்தான். வெளியே எடுத்துப் போகும் கருவிக்கு 'ஆல் ரிஸ்க்' வகை பாலிசி தனியாக வேண்டும். அதிலும் ஆளில்லாத வண்டியில் வைத்த பொருளுக்கு நிபந்தனை உண்டா என்று பாருங்கள்.

'பர்க்லரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தொடர்பான வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், அத்தகைய பாலிசியில் பூட்டை உடைத்தல் போன்ற பலப்பிரயோகம் இருந்தால்தான் இழப்பீடு என்று சொல்லிவிட்டது. திறந்து கிடந்த அறையில் இருந்து யாரோ எடுத்துப் போனால், பிரீமியம் கட்டியும் பணம் வராமல் போகலாம். போலீஸ் கண்டுபிடிக்க முடியாமல் வழக்கை முடித்தால் கர்நாடகத்தில் 'சி ரிப்போர்ட்' தாக்கல் செய்வார்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த மாதிரி அறிக்கையைக் கேட்கும்.

வாடகைக்கு எடுத்த லென்ஸ் போனால் யார் பொறுப்பு? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 151, 152 பிரிவுகள்படி, சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கவனம் எடுத்திருந்தால் பொறுப்பு இல்லை. ஆனால் தனி ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். வாடகைக் கடையில் அவசரத்தில் கையெழுத்துப் போடும் அந்தத் தாளில், முழுத் தொகையும் உங்கள் தலையில்தான் என்று இருக்கலாம். படித்துவிட்டுப் போடுங்கள்.

புக்கிங்கே பொறியாக இருந்தால்

திருட்டைவிட மோசமானது இது. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த இளம் கல்யாண போட்டோகிராபர் ஒருவரை, ஆன்லைன் வழியாக வேலை இருக்கிறது என்று வரவழைத்து, கோனசீமா பகுதியில் கொன்று புதைத்தார்கள். கேமராக்களுக்காகத்தான் கொலை என்றது போலீஸ்.

தெரியாத நம்பரில் இருந்து வெளியூர் வேலை வந்தால், பத்திரிகையைக் கேளுங்கள், மண்டபத்துக்கே போன் செய்து அந்தத் தேதியில் அந்தப் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று விசாரியுங்கள், வீடியோ காலில் குடும்பத்தோடு பேசுங்கள். 'கேமரா எல்லாத்தையும் எடுத்துட்டு நீங்க மட்டும் வாங்க' என்றால் அந்த வேலை வேண்டாம். லைவ் லொகேஷன் வீட்டில் ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும்.

கிடைத்தால் எப்போது கைக்கு வரும்?

திருட்டு கேமரா செகண்ட் ஹேண்ட் விளம்பரத்திலோ அடகுக் கடையிலோ தலைகாட்டலாம். விற்பவரிடம் நீங்களே பேரம் பேசப் போகாமல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கு பிஎன்எஸ் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

மீட்கப்பட்ட கேமரா வழக்கு முடியும் வரை காவல் நிலைய அலமாரியில் தூசி படிய வேண்டியதில்லை. பொருளைப் படம் எடுத்துப் பதிவு செய்துவிட்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது பிஎன்எஸ்எஸ் 497-வது பிரிவு அதற்குக் கால வரையறையும் வைத்திருக்கிறது: பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல், அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பு உத்தரவு. வக்கீல் மூலம் இடைக்கால ஒப்படைப்பு மனு போடும்போது பில்லும் சீரியல் எண்ணும் கேட்பார்கள்.