மூன்று வருடக் கணக்கு

ரங்கூனின் மொகல் தெருவுக்கு இப்போது வேறு பெயர். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் அது கிட்டத்தட்ட ஒரு செட்டிநாட்டுத் தெரு. நகரத்தார் கடைகள் கிட்டங்கிகளில் இயங்கின. பகலில் கணக்கு எழுதிய கூடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். சமையல் நம்மூர்ச் சமையல், பேரேடு தமிழ், பக்கத்திலேயே முருகன் கோயில். கடையை நடத்திய மேலாள் வந்தது ஒரு 'கணக்கு'க்கு, அதாவது சுமார் மூன்று வருடத்துக்கு. மனைவியும் பிள்ளைகளும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்தார்கள். கணக்கு முடிந்ததும் கப்பல் ஏற வேண்டியதுதான்.

இதைப் பண்பாட்டுப் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது தொழில் முறையாகவே தெரிகிறது. ஒரு கடை இன்னொரு கடைக்கு நம்பிக்கையின் பேரில் பணம் கொடுத்தது. ஏமாற்றியவன் என்றைக்காவது ஊருக்குத் திரும்பித்தானே ஆகணும்? தங்களுக்குள் வாங்கும் பணத்துக்கான வட்டியை மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். அந்த வட்டத்துக்குள் வெளியாள் வர முடியாது என்பதுதான் அதன் பலம். சுவரே மூலதனம்.

1929-30இல் நடந்த வங்கி விசாரணையின் மதிப்பீட்டின்படி, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், 75 கோடி ரூபாய் முதலீடு. கீழ் பர்மாவின் நெல் விவசாயத்தில் பெரும்பங்கு இந்தப் பணத்தில் ஓடியது. மேலாளுக்கு வியாபாரத்துக்கு வேண்டிய பர்மிய மொழி தெரியும். கடன் கேட்டு வந்த விவசாயியோடு பேசினார். ஆனால் பேச்சு கடனோடு முடிந்தது. பர்மாவில் அதிகாரியாக இருந்த ஃபர்னிவால், வெவ்வேறு இனத்தார் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் சமூகம் என்று இதை விவரித்தார். அவருடைய வெள்ளைக்காரச் சகாக்களும் பெகு கிளப்புக்குள் அப்படித்தான் இருந்தார்கள்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது, அடமானங்கள் மூழ்கின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலமல்ல, பணம். அது உண்மைதான். ஆனா அந்த உண்மையை யாரிடம் சொல்வது? அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்க ஒரு சிநேகிதன்கூட இல்லை.

கலந்து பழகியிருந்தால் தப்பித்திருப்பார்களா? அப்படியும் சொல்ல முடியாது. பர்மியப் பெண்களை மணந்து அங்கேயே குடும்பமான இந்திய முஸ்லிம்களும் 1938 கலவரத்தில் தாக்கப்பட்டார்கள். பழக்கம் இன்சூரன்ஸ் இல்லை. ஆனால் பழக்கமே இல்லாதபோது, பேசிப் பார்க்கும் வாய்ப்புகூட இல்லாமல் போகிறது.

1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பெரும்பாலோர் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது.

நானும் ஒரு கணக்குக்கு வெளிநாடு போனவன்தான். எங்கள் ஊரில் அதற்கு ஆன்சைட் என்று பெயர். தமிழ்ச் சங்கப் பொங்கல், வார இறுதியில் நண்பர்கள் வீட்டுப் பிரியாணி, ஊரில் வாங்கப்போகும் ஃபிளாட்டைப் பற்றி ஓயாத பேச்சு. ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கிட்டங்கியில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. மூன்று வருடம் கழித்துக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.