ஒரு குருவின் மொழி வகுப்பு

இன்று போலந்திலுள்ள பியாலிஸ்டாக் நகரில், அண்டை வீட்டார் மொழியால் பகைவராவதைச் சிறுவயதிலேயே கண்டவர் யூதரான சாமன்ஹோஃப். கண் மருத்துவரான அவர், எந்நாட்டினருக்கும் தனியுரிமையாகாத எஸ்பெராந்தோ மொழியை 1887-இல் வெளியிட்டார். அதன் இலக்கணத்தை 16 விதிகளில் அடக்கினார். ஆயினும் நூலால் மட்டும் மொழி வாழ்வதில்லை, ஆசிரியரும் வேண்டும்.

அத்தகைய ஆசிரியர் கத்தோலிக்கக் குருவான ஆந்திரேயோ செஹ். ருமேனியரும் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் கலந்து வாழ்ந்த திரான்சில்வேனியாவில், 1920-இல் அவர்முன் அமர்ந்த மாணவர்க்குத் தாய்மொழி ஒன்றாக இல்லை. ஒருவர் மொழியில் விளக்கினால் மற்றவர் புறத்தாராவர். எனவே அவர் மொழிபெயர்ப்பையும் பாடநூலையும் தவிர்த்தார். பொருளைக் காட்டி வினவினார். வகுப்பு முழுவதும் ஒருமித்து விடை கூறிற்று. அங்கு எவரும் அயலாராக இருக்கவில்லை.

இம்முறையில் பல நாடுகளில் கற்பித்தவர் சாமன்ஹோஃபின் மகள் லிதியா. யூத இனத்தில் பிறந்த அவர் 1942-இல் திரெப்லிங்கா வதைமுகாமில் கொல்லப்பட்டார். பொதுமொழி மட்டும் பகையை ஒழித்துவிடாது என்பதை அச்சாவு நமக்கு உரைக்கிறது.

பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் மொழிகளை அழிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தி கேட்டனர். செஹ் அடிகளாரின் வகுப்பும் எவர் மொழியையும் தாழ்த்தவில்லை. அயலாரை நம் மொழிக்கு வரச் சொல்லாமல், அவரோடு நாமும் மாணவராய் அமர்வது பிறரன்பின் ஒரு வடிவமன்றோ?