எழுத்துக்கு ஓர் எண்

பெரட்டுக் களத்தில் கிராணியாரின் புத்தகத்தில் ஆளுக்கு ஓர் எண் உண்டல்லவா? கணினியும் அப்படித்தான். அதற்கு எழுத்துத் தெரியாது; எண்தான் தெரியும்.

1990களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். ஒருவருக்கு 'அ'வான எண் இன்னொருவருக்கு 'ளு'. 2003இல் சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு பிள்ளை அனுப்பிய மின்கடிதம் நம் பள்ளிக் கணினியில் வெறுங் கிறுக்கலாய் விழுந்தது. மகன் நலமா, நோயா? தாய் நம் முகத்தைப் பார்த்தார். வாத்தியாராயிருந்தும் நம்மால் படிக்க முடியவில்லை.

இக்குழப்பம் தீர உழைத்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 'கணியன்' எழுத்துருவைத் தந்தவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடு நடந்தது. அவ்வாண்டு மே மாதமே அவர் மறைந்தார். பலனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

பல மொழிகளுக்கும் பொதுப் பேரேடான யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. கணினிகள் அதை ஏற்கத்தான் ஆண்டுகள் ஆயின. அதில் 'அ'வுக்கு எண் 2949. 'செங்காங்' என்று எழுதக் கை முதலில் கொம்பைப் போடும். பேரேட்டிலோ 'ச' (2970) முன்னே, கொம்பு (3014) பின்னே! பிள்ளைகளுக்கு இது வேடிக்கைதான்.

அந்தத் தாயின் கைப்பேசியில் இப்போது மகன் எழுதியது எழுதியபடியே வருகிறது. படித்துச் சொல்ல நம்மைத் தேடி வருவதில்லை.