மரணப் பொறுப்பு (சிங்கப்பூர்)

ஒருவரின் சாவுக்குப் பிறர் செய்ததோ செய்யத் தவறியதோ காரணமாகும்போது அதற்கு யார் பொறுப்பு என்பதும், நோயால் நேரும் சாவில் அந்தக் கேள்விக்கு இடமுண்டா என்பதும் இத்தலைப்பில் அடங்கும். இறந்தவர் யார், எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்று கண்டறிவதோடு சிங்கப்பூரின் மரண விசாரணைச் சட்டம் (2010) நின்றுவிடுகிறது. எவரையும் குற்றவாளி என்று தீர்ப்பது மரண விசாரணை அதிகாரியின் பணி அன்று.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் 1971-இல் எழுந்தது லியான் யாக் கட்டடம். ஹோட்டல் நியூ வேர்ல்டும் ஒரு வங்கியும் அதில் இயங்கின. 1986 மார்ச் 15 அன்று முற்பகலில் அந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். பெருவிரைவு ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிய வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்கு அடியில் குடைந்து உதவ, 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். எரிவாயு வெடித்திருக்கலாம், சுரங்கப் பணியே நிலத்தை அசைத்திருக்கலாம் என்ற ஐயங்களை விசாரணைக் குழு ஏற்கவில்லை. தூண்கள் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டவர்கள் ஆட்கள், தளவாடங்கள் ஆகியவற்றின் எடையைச் சேர்த்திருந்தனர். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. பின்னாளில் ஏற்றிய கூடுதல் பாரங்கள் சரிவை விரைவுபடுத்தின. அவை இல்லாவிட்டாலும் கட்டடம் நிலைத்திருக்காது. இடிவதற்கு முன்பே தூணில் விரிசல் கண்டும் எவரும் வெளியேற்றப்படவில்லை. எவரும் கொல்ல நினைக்கவில்லைதான். ஆயினும் இது மனிதர் கைப்பட்ட சாவே, விதியின் செயலன்று. கட்டமைப்பு வரைபடங்களைச் சார்பற்ற வேறொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்று 1989-இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் விதித்தது.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்ததை அடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அந்த மரணம் விபத்து என்றே விசாரணையில் முடிவானது.

நோய்ச் சாவுக்குப் பொறுப்பாளி இல்லை என்பது பொதுவழக்கு. கிருமிக்கு உள்நோக்கம் கிடையாது. ஆனால் ஓர் அறைக்குள் எத்தனை கட்டில் போடுவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். 2020-இல் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொவிட்-19 தொற்றியது. இறந்தோர் மிகச் சிலரே. புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி 2021-இல் வந்தது.