போதை வேட்கையை அளவிடுதல்

போதை வேட்கை என்பது ஒரு போதைப்பொருளை மீண்டும் உட்கொள்ளச் சொல்லி உள்ளிருந்து எழும் கடும் உந்துதல். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, அடிமைநிலையைக் கண்டறியும் அடையாளங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. சிறுநீர்ச் சோதனை ஒருவர் அண்மையில் கொக்கைன் எடுத்தாரா என்பதைக் காட்டும். எடுக்கத் துடிக்கிறாரா என்பதைக் காட்டாது. எனவே நோயாளியின் வாய்மொழியே அளவீட்டுக்கு அடிப்படை. கொக்கைன் பழக்கமுள்ளவர்களுக்காக ஸ்டீபன் டிஃபனி குழுவினர் 1993இல் வெளியிட்ட வினாப்பட்டியலில் 45 கூற்றுகள் உள்ளன. மதுவுக்கான பென் அளவுகோல் (1999) ஐந்தே கேள்விகளில் கடந்த ஒரு வார வேட்கையை மதிப்பிடுகிறது.

வாய்மொழியை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் நியாயமானது. கொக்கைனை நிறுத்தி வெவ்வேறு காலம் ஆனவர்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வில், நாள் செல்லச் செல்ல அவர்கள் சொன்ன வேட்கை குறைவாகவே இருந்தது. ஆனால் கொக்கைன் படங்களைக் கண்டதும் மூளை மின்னலைகளில் பதிவான எதிர்வினை, நிறுத்திய ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான கட்டத்தில் உயர்ந்திருந்தது. அப்படியானால் வாய்மொழியை விட்டுவிட்டு மூளையையே படம் பிடிக்கலாமே என்று கேட்கலாம். அதுவும் பொருந்தாது. லியோனி கோபன், டோர் வேகர், ஹெடி கோபர் ஆகியோர் 2023இல் மூளை ஸ்கேன்களிலிருந்து வேட்கையின் தடத்தைக் கணித்தபோது, அந்தக் கணிப்புக்கு உரைகல்லாக இருந்தவை பங்கேற்றவர்களே தந்த மதிப்பெண்கள்தாம். ஆகவே ஸ்கேன் வாய்மொழிக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களுக்கு இந்த முடிவு முக்கியமானது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதினரில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், கொக்கைன் எடுப்போர் 0.10 சதவீதம். இங்கே அளக்க வேண்டியது பெரும்பாலும் மது வேட்கையே. அதற்கு ஸ்கேன் வசதி வேண்டியதில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, கிராம முகாம்களிலேயே போதை மீட்புச் சிகிச்சை அளிக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. வீட்டார் எதிரே ‘ஆசையே இல்லை’ என்பவர் தனியாகக் கேட்டால் வேறு பதில் தரலாம். எனவே கேள்விகளை வாய்விட்டுப் படித்துக் காட்டி, தனிமையில், பல வாரங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒருநாள் மதிப்பெண் குறைந்ததைக் கொண்டு சிகிச்சையை நிறுத்துவது, 2016 ஆய்வு எச்சரிக்கும் அதே கட்டத்தில் நோயாளியைக் கைவிடுவதாக முடியக்கூடும்.